“நீமோ ஏன்ப்பா நீந்தல?” - கடல் மீன் தொட்டியில் முதலில் வளர்க்க வேண்டியது மீன் அல்ல!

வியாழக்கிழமை காலை. சீருடை போட்டு, கையில் டிபன் பையோடு நின்ற அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பதைக்கூடக் கவனிக்காமல் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நீமோ ஏன்ப்பா நீந்தல?”

அப்பாவிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஜோடி கோமாளி மீன்களை வாங்கி வந்திருந்தார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் வரும் அதே மீன். ஒன்று செவ்வாய்க்கிழமையே இறந்துவிட்டது. மகள் எழுவதற்கு முன்பே அதை எடுத்துப் போட்டுவிட்டு, “அது பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு விளையாடுதுடா” என்று சமாளித்திருந்தார் அப்பா. இரண்டாவது மீனும் இப்போது மணலில் சாய்ந்து கிடந்தது.

சென்னை பெரம்பூரில் ஒரு ஃப்ளாட். ஹாலில் மூன்றடித் தொட்டி. தண்ணீர் பளிங்கு போல இருந்தது. நாற்றம் இல்லை. மீன் உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லை. பிறகு ஏன்?

அந்தச் சனிக்கிழமை, வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்போன கொளத்தூருக்குப் போனார் அப்பா. இந்த முறை வேறு கடை.

“அண்ணே, போன வாரம் வாங்கின கோமாளி ஜோடி போயிடுச்சு. அதே மாதிரி இன்னொரு ஜோடி குடுங்க.”

“டேங்க் வச்சு எத்தனை நாளாச்சு சார்?”

“இன்னையோட எட்டு நாள்.”

கடைக்காரர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். “இப்ப மீன் வேணாம் சார். உங்க டேங்க் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வாங்க. பார்த்துட்டுப் பேசலாம்.”

மாலையில் தண்ணீர் வந்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, சில சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். மஞ்சளாகவே இருந்திருந்தால் நல்ல செய்தி. தண்ணீர் கரும்பச்சையாக மாறியது.

“அமோனியா சார். மீனோட கழிவே மீனைக் கொன்னுடுச்சு.”

தெளிவான தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

மீன் சுவாசிக்கும்போது செவுள் வழியாகவே அமோனியா வெளியேறும். அதன் கழிவு, சாப்பிடாமல் மிச்சம் விட்ட தீனி, பாறை இடுக்கில் இறந்து கிடக்கும் நத்தை எல்லாம் அழுகி இன்னும் அமோனியாவைச் சேர்க்கும். இதற்கு நிறம் கிடையாது. தொட்டியில் சேரும் அளவில் மணமும் தெரியாது. அதனால்தான் பளிங்கு போன்ற தண்ணீரிலும் மீன் சாகிறது.

நல்ல தண்ணீரில் தங்க மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. இன்னொன்று கடும் விஷம். எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பி.ஹெச் அளவும் வெப்பமும். பி.ஹெச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியில், மொத்த அமோனியாவில் விஷ வடிவம் 1 சதவிகிதத்துக்கும் குறைவு. கடல் நீர் தொட்டியில் பி.ஹெச் 8.2 அளவில் இருக்கும். அங்கே, 25 டிகிரி வெப்பத்தில், விஷ வடிவம் சுமார் 7 சதவிகிதம். அதாவது, அதே அளவு அமோனியா கடல் தொட்டியில் பத்து மடங்குக்கும் மேல் ஆபத்தானது. வெப்பம் ஏற ஏற இது இன்னும் கூடும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

கடலிலும் மீன்கள் கழிவை வெளியேற்றத்தான் செய்கின்றன. அங்கே அதைச் சுத்தம் செய்ய பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும்.

புதுத் தொட்டியில் இந்த வேலையாட்கள் போதுமான அளவில் இருக்கமாட்டார்கள். பாறையிலும் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டிக்கொண்டு அவர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். மீன் வளர்ப்பவர்கள் இதை ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். பெரம்பூர் வீட்டில் தொட்டி வைத்த மறுநாளே மீன் வந்துவிட்டது. வேலையாள் வருவதற்கு முன்பே குப்பை வந்து சேர்ந்துவிட்டது.

கடைக்காரர் சொன்ன வழி எளிமையானது. மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட வேண்டும். அது அழுகி அமோனியா உருவாகும். அதுதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்தால், முதலில் அமோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் ஏறும். தீனி போட்ட பிறகும் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் தொட்டி தயார். அப்போதும் ஒரே நாளில் ஆறு மீன் விடக் கூடாது. ஒன்று அல்லது இரண்டு விட்டு, இரண்டு வாரம் பார்த்து, பிறகுதான் அடுத்தது.

டெஸ்ட் கிட் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்ப்பது முக்கியம். நைட்ரேட் கிட்டில் உள்ள பாட்டிலை நன்றாகக் குலுக்கச் சொல்லியிருந்தால், சொன்ன நேரம்வரை குலுக்கத்தான் வேண்டும். அடியில் படிந்த மருந்து கலக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். ‘எல்லாம் சரியா இருக்கே’ என்று நம்பிவிடுவோம்.

எந்தத் தண்ணீர், எந்த உப்பு?

பெரம்பூர் வீட்டின் இரண்டாவது தவறு சமையலறையில் இருந்தது. தொட்டிக்கு ஆர்.ஓ தண்ணீர்தான் ஊற்றினார்கள். அந்த மெஷின், குடிநீரில் தாமிரம் சேர்த்துத் தரும் மாடல். மனிதர்களுக்கு அந்த அளவு பிரச்னை இல்லை. கடல் இறால், நத்தை, பவள உயிரினங்களுக்குத் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே விஷம்.

சாதாரண ஆர்.ஓ மெஷினிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவைக்காகச் சில மெஷின்களில், வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் கலந்துவிடுவார்கள். குடிக்க நல்லது. தொட்டிக்கு, போர் தண்ணீரில் உள்ள நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் கூடவே வந்து சேரும். டி.டி.எஸ் மீட்டரில் பூஜ்யம் அல்லது அதை ஒட்டிய அளவு காட்டும் தண்ணீர்தான் கடல் தொட்டிக்கு ஏற்றது. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் அரிக்கும், நல்ல பாக்டீரியாவையும் கொல்லும்.

‘கடல் பக்கத்துல இருக்கு, நாலு கேன் பிடிச்சுட்டு வந்துடலாமே’ என்ற யோசனை சென்னைக்காரர்களுக்கு வருவது இயல்பு. மெரினாவை ஒட்டிக் கூவம் கலக்கிறது. பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே அடையாறு கலக்கிறது. கரையோரத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மழைக்காலத்தில் அதன் உப்பு அளவும் குறைந்துவிடும்.

சமையல் உப்பும் கல் உப்பும்கூடச் சரிவராது. உப்பளத்தில் உப்பு பூத்ததும் அதை வாரி எடுத்துவிடுவார்கள். கடல் நீரில் இருந்த மெக்னீசியத்தின் பெரும்பகுதி, மிஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் சரியான விகிதத்தில் கலந்த மீன் தொட்டி உப்புதான் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம். 150 லிட்டர் தண்ணீர் என்றால் ஐந்தரைக் கிலோ. இதைத் தனி பக்கெட்டில், ஒரு நாள் முன்பே, மோட்டார் ஓடவிட்டுக் கரைக்க வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் நேரடியாகக் கொட்டினால் மீன் வெந்துபோகும்.

பாறை விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. பவளப்பாறைகள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்து வந்த ‘உயிர்ப் பாறை’ என்று யாராவது விற்றால், வாங்குவது தொட்டிக்கு அழகாக இருக்கலாம். வழக்கு வந்தால் அழகாக இருக்காது. இதற்கென்று செய்த செயற்கைப் பாறையிலும் பாக்டீரியா நன்றாகவே வளரும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்

கடல் தொட்டியில் அதிகம் பேர் செய்யும் தவறு இது. தண்ணீர் மட்டம் குறைந்ததும், உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றிவிடுவார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. மேலே மேலே உப்பு சேர்ந்தால் என்ன ஆகும்?

150 லிட்டர் தொட்டியில் உப்பு, லிட்டருக்கு 35 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் நான்கைந்து நாள் கவனிக்காமல் விட்டு, 10 லிட்டர் ஆவியாகிவிட்டால், உப்பு 37.5 கிராமாக ஏறிவிடும். அதன்மேல் உப்புத் தண்ணீரையே ஊற்றினால் அளவு பழையபடி 35-க்கு இறங்க வழியே இல்லை. இழந்த தண்ணீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்தமான தண்ணீர். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும்தான் உப்புத் தண்ணீர்.

தொட்டியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும். தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஒரு மக் ஊற்றுவது பல் துலக்குவதுபோலப் பழகிவிடும். உப்பு அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அவ்வப்போது, அதற்கென்று விற்கும் 35 அளவு திரவத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒப்படர்த்தி 1.025 ஒட்டி இருந்தால் நல்லது.

ஏ.சி அறையும் மே மாதமும்

“காலையில பார்த்தா பி.ஹெச் குறையுது, சாயங்காலம் ஏறுது. என்ன மருந்து ஊத்தறது?” என்று கேட்டால், அனுபவசாலிகள் முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்கக் கதவு, ஜன்னல் சாத்தி ஏ.சி ஓடும் அறையில் மூன்று பேர் தூங்கினால், அறைக் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு சேரும். அது தண்ணீரில் கரைந்து பி.ஹெச்சைக் குறைக்கும். விடியற்காலை 7.8, மாலை 8.3 என்று ஏறி இறங்குவது பயப்படும் விஷயம் இல்லை. ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் சரியாகும். பி.ஹெச்சைத் துரத்திக்கொண்டு மருந்து ஊற்றினால்தான் மீன் தடுமாறும்.

வெப்பம் வேறு கதை. கோமாளி மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வசதியானது. சென்னை மே மாதத்தில் ஹாலில் இருக்கும் தொட்டி 31, 32-ஐச் சாதாரணமாகத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். அதே சூட்டில் அமோனியாவின் விஷமும் கூடும். சில்லர் வாங்க முடியாதவர்கள், தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி வரை குறையும். ஆவியாவது அதிகமாகும், அந்த மார்க்கர் கோட்டை மறக்கக் கூடாது.

கரன்ட் போனால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று உயிரைக் காக்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மணி நேரம் கரன்ட் இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் பாக்டீரியா ஆக்ஸிஜன் இல்லாமல் சாகும். கரன்ட் வந்ததும் அந்த அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓடவிட வேண்டும்.

பாட்டிக்கும் சொல்லுங்கள்

தொட்டியைப் பார்த்துக்கொள்வது ஒருவர், கெடுப்பது வீட்டில் உள்ள எல்லோரும்! ‘பாவம், பசிக்குமே’ என்று பாட்டி ஒரு சிட்டிகை, பேத்தி ஒரு சிட்டிகை, ஆபீஸில் இருந்து வந்த அப்பா ஒரு சிட்டிகை. மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் சாகாது. மிச்சத் தீனிதான் ஆளைக் கொல்லும். அன்றைய தீனியைக் காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிட்டால், டப்பா காலியானதும் யாரும் போட முடியாது.

கொசு ஸ்பிரே இன்னொரு எதிரி. அதில் உள்ள பூச்சிக்கொல்லி மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடியது. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை நினைத்தாலே புரியும். சானிட்டைசர், கை கிரீம் போட்ட கையைத் தொட்டிக்குள் விடுவதும் வேண்டாம்.

பழுப்பு, பச்சை, சிவப்பு

தொட்டி வைத்த சில வாரங்களில் மணல் மேல் பழுப்புத் தூள்போலப் படியும். புதுத் தொட்டியில் இது வழக்கம், தானாகவே போய்விடும். பச்சை முடிபோலப் பாசி வளர்ந்தால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம் என்று அர்த்தம். சிவப்பாக, ஜவ்வுபோலப் படர்ந்தால், தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில் கழிவு தேங்குகிறது. பாசியைக் கொல்லும் மருந்து ஊற்றுவது, அடுப்பை அணைக்காமல் பொங்கிய பாலைத் துடைப்பது மாதிரி.

தண்ணீர் மாற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. நைட்ரேட் 40 பி.பி.எம் இருக்கும் தொட்டியில் 10 சதவிகிதத் தண்ணீரை மாற்றினால் 36 ஆகும். அவ்வளவுதான். ‘அப்போ பாதித் தண்ணியை மாத்திடலாமே’ என்றால், அவ்வளவு புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் மீன் அதிர்ச்சியில் விழும். வாரம் 10 சதவிகிதம், தவறாமல். கூடவே தீனியைக் குறைப்பது. வசதி இருந்தால், கழிவை நுரையாக வெளியே தள்ளும் ஸ்கிம்மர். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். குளோரின் பட்டால் வேலையாட்கள் எல்லோரும் ஒரே நாளில் காலி.

மீன் மேலே வந்து வாய் பிளந்தால்…

* உடனே தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்பைக் கூட்டுங்கள்.
* அமோனியா, உப்பு அளவு, வெப்பம் மூன்றையும் பாருங்கள். பார்க்காமல் எந்த மருந்தும் ஊற்ற வேண்டாம்.
* இறந்த உயிர் ஏதாவது கிடக்கிறதா என்று பாறை இடுக்கில் தேடி எடுங்கள்.
* அமோனியா தெரிந்தால், அதே உப்பு, அதே வெப்பம் உள்ள தண்ணீரால் 20 முதல் 30 சதவிகிதம் மாற்றுங்கள். அடுத்த நாள் மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். அமோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவம் ஒரு பாட்டில் வீட்டில் இருப்பது நல்லது.
* ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்ய நினைக்காதீர்கள். மெதுவாகக் கெட்டதை மெதுவாகத்தான் மீட்க முடியும். அமோனியா மட்டும்தான் அவசரம்.

ஆறாவது வாரம்

பெரம்பூர் வீட்டில் மீனே இல்லாத தொட்டி ஒரு மாதத்துக்கும் மேல் ஓடியது. பார்க்க வந்த உறவுக்காரர்கள், “என்ன, வெறும் தண்ணியை வச்சு வேடிக்கை பாக்குறீங்களா?” என்று கேட்டார்கள். சிறுமி பழைய ரஃப் நோட்டு ஒன்றில் தேதி போட்டு, ஒவ்வொரு டெஸ்ட்டின் அளவையும் எழுதினாள். தண்ணீர் ஊற்ற இப்போது தனியாக ஒரு சுத்தமான ஆர்.ஓ லைன். கோடு வரை மக்கால் ஊற்றுவது பாட்டியின் பொறுப்பு. தீனி டப்பா பேத்தியின் பொறுப்பு.

ஒரு ஞாயிறு காலை, “அப்பா, ரெண்டுமே ஜீரோ!” என்று கத்தினாள். அதற்கடுத்த வாரமும் ஜீரோ. அப்போதுதான் கொளத்தூருக்குக் கிளம்பினார்கள். கடலில் பிடித்தது வேண்டாம், குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்ததாக இருந்தால் சொல்லுங்கள் என்று முன்பே கடைக்காரரிடம் கேட்டிருந்தார் அப்பா. மண்டபம், பரங்கிப்பேட்டை ஆய்வு மையங்களிலேயே கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த மீன் தொட்டித் தண்ணீருக்கு எளிதில் பழகும்.

வரும் வழியில், மடியில் மீன் கவரை வைத்துக்கொண்டிருந்த மகளிடம், “இதுக்கும் நீமோன்னே பேர் வச்சிடலாமா?” என்று கேட்டார்.

“வேணாம்ப்பா. நீமோ செத்துப்போச்சு. அது ஒளிஞ்சு விளையாடலன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆமாடா. அப்பா தண்ணியைப் பார்க்காம அவசரப்பட்டுட்டேன். அதான் செத்துச்சு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் எடுத்தது ரஃப் நோட்டைத்தான். புதுப் பக்கத்தில் தேதி எழுதி, மூன்று கட்டம் போட்டாள். இரண்டில் பூஜ்யம். மூன்றாவதில் 10. அதற்குப் பிறகுதான் மீன் கவரை மெதுவாகத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள்.